மழையில் அளந்தவர்

றபீக் நானா இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரே காலையில் எனக்கு நான்கு தடவை வந்தது. முதலில் கைத்தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. அதை வாசித்து முடிப்பதற்குள் ஓர் அழைப்பு. பிறகு வவுனியா அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, "உங்கட பழைய வயர்லெஸ்காரர் விடியப் போயிட்டாராம், ஹார்ட் அட்டாக்காம்" என்று குனிந்து சொன்னார். கடைசியாக, இப்போது இதே ஊரில் வேறொரு நிறுவனத்தை நடத்தும் எங்கள் பழைய பணிப்பாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதில் "ஈடு செய்ய முடியாத நிபுணர்" என்று இருந்தது. மூன்று வருடங்களுக்கு மேலாக அந்த மனிதருடைய பெயரை வாயில் எடுக்காதவர்கள் எல்லோரும் அன்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். இனி அவரால் ஒரு தொந்தரவும் வராது என்ற நிம்மதி அந்தக் குரல்களில் இருந்தது. என் குரலிலும் இருந்திருக்கும்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமாதான காலத்தில், கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் இருந்த எங்கள் மருத்துவ உதவி நிறுவனத்தில் அவரோடு வேலை செய்த நீங்கள்தான் அந்தத் தெரிந்தவர்கள். அஞ்சலியில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் நீங்களும் நானும் தப்பிவிடுவோம். றபீக் நானாவிடம் இருந்தவை இரண்டு: அவருடைய தொழில், அந்தத் தொழிலில் அவருக்கிருந்த பெயர். இரண்டையும் பறித்தவர்கள் நாங்கள். அதில் பெரிய கை என்னுடையது. எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

அவர் முல்லைத்தீவில் பிறந்தவர். எங்களுக்கு மூத்த முஸ்லிம் என்பதால், அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்று கூப்பிட்டோம். வடக்கிலிருந்த முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது, அவரும் உடுத்த சாரத்தோடு தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்குப் போனார். அங்கே முகாமில் இருந்தபடி ரேடியோ திருத்தப் பழகினார். பிறகு கொழும்பில் துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் சேர்ந்து, கம்பியில்லாத் தொடர்பு வேலையையும், பிற்பாடு கம்பியில்லா இணைய வலையமைப்புக்களை வடிவமைப்பதையும் பத்து வருடம் கற்றுக்கொண்டார். சமாதானம் வந்து கண்டி வீதிப் பாதை திறந்ததும் திரும்பி வந்துவிட்டார். "கொழும்பில நல்ல வேலையை விட்டிட்டு ஏன் இஞ்ச வந்தனீங்கள்?" என்று எங்கள் கணக்காளர் ஒருநாள் கேட்டார். "நான் பிறந்த மாவட்டத்துக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு, வேற மாவட்டத்தில பிறந்த நீங்கள் என்னட்டக் கேக்கிற கேள்வியோ இது?" என்றார் றபீக் நானா. கணக்காளர் யாழ்ப்பாணத்தவர். அதற்குப் பிறகு ஒரு மாதம் இருவருக்கும் கதை இல்லை.

அவருடைய நாக்கு அப்படித்தான். இனிமையான மனிதர் என்று மரண வீட்டில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொய். பிழையைக் கண்டால் ஆளை உரித்துவிடுவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்ததால் எங்களுக்கு இன்னும் எரிந்தது.

முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? எங்கள் வளவுக்குள் நான்கு கட்டடங்கள். முன்னால் பிரதான கட்டடம், அதன் கூரையில் செய்மதித் தட்டு. பின்னால் மருந்துக் களஞ்சியம், பயிற்சி மண்டபம், கடைசியில் பிரசவ விடுதி. எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். வவுனியாக் கடைக்காரர் ஒருவர் சொன்ன கணக்குப்படி ஐந்து வைஃபை பெட்டிகள் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தோம். நான் நிர்வாக உத்தியோகத்தர். பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. றபீக் நானா அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆருக்கு வேணும்? எந்த இடத்தில? ஒரே நேரத்தில எத்தினை பேர்? நிண்டுபோனா முதல்ல ஆருக்கு அடி விழும்?" என்று கேட்டார். பணிப்பாளர் சிரித்துக்கொண்டு, "எல்லாருக்கும், எல்லா இடத்திலயும்" என்றார். "அப்ப ஒருத்தருக்கும் ஒரு இடத்திலயும் ஒழுங்கா வேலை செய்யாது, டொக்டர். பெட்டி விக்கிறது கடைக்காரற்ர வேலை. எங்க வைக்கிறது, எங்க வைக்கக்கூடாது எண்டு சொல்லுறதுதான் என்ர வேலை" என்றார் அவர்.

நான்கு கேள்விகளுக்கும் பதில் எடுக்க அவருக்கு இரண்டு கிழமை பிடித்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் கதிரை போட்டு உட்கார்ந்து, யார் எப்போது என்ன அனுப்புகிறார்கள் என்று எழுதினார். நாங்கள் அதை வேலை என்றே எண்ணவில்லை. முடிவில் அவர் கண்டுபிடித்தது, எங்களில் பெரும்பாலானோருக்கு இணையம் ஒரு சொகுசு என்பதையும், ஒரே ஓர் இடத்தில் அது உயிர் என்பதையும்தான். அந்த இடம் பிரசவ விடுதி. அங்கே இருந்த மருத்துவிச்சி புனிதமக்கா, சிக்கலான தாய்மாரின் விபரத்தைக் கொழும்பிலிருந்த ஒரு மகப்பேற்று நிபுணருக்கு அனுப்புவார். நிபுணர் 'அங்கேயே வைத்திருங்கள்' அல்லது 'உடனே வவுனியாவுக்கு அனுப்புங்கள்' என்று பதில் எழுதுவார். வவுனியாவுக்கு என்றால் அரசாங்கப் பக்கத்துக்குக் கடக்கும் ஓமந்தைச் சோதனைச் சாவடி பூட்டுவதற்குள் அம்புலன்ஸ் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து அனுமதி எடுக்கவேண்டும். ஆகவே ஒரு பதில் மத்தியானத்துக்கு முன் வருவதும் பின் வருவதும் ஒன்றல்ல.

விடுதிக்குக் கம்பி இழுக்க வழியில்லை. பிரதான கட்டடத்துக்கும் விடுதிக்கும் நடுவில் இருந்த தேக்கங்காட்டில் மிதிவெடி அகற்றும் வேலை முடிந்திருக்கவில்லை. சிவப்பு நாடா கட்டி, மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தார்கள். ஒரு சாண் தோண்டவும் முடியாது, ஒரு தூண் நடவும் முடியாது. சிக்னல்தான் அந்த நிலத்தைக் கடக்கவேண்டும். அப்போது கடுங்கோடை. தேக்கு இலையெல்லாம் கொட்டி, இங்கிருந்து பார்த்தால் விடுதியின் சுவர் தெரிந்தது. இன்றைக்கே அளந்துவிடுங்கள் என்று பணிப்பாளர் அவசரப்படுத்தினார். றபீக் நானா மறுத்தார். "இப்ப அளந்தா நல்ல கணக்கு வரும். மாரியில அந்தக் கணக்கை வைச்சு வாயிலயும் வைக்கேலாது. இலை வரட்டும், மழை வரட்டும், இலை நனையட்டும். அண்டைக்கு அளக்கிறன்."

மாரி வரும் வரை காத்திருந்தார். தன் சோதனைப் பெட்டி ஒன்றைப் பிரதான கட்டடத்துக் கூரையில் வைத்துவிட்டு, கொட்டும் மழையில் மடிக்கணினியைப் பொலித்தீனால் சுற்றிக்கொண்டு நாடாவின் ஓரம் ஓரமாக நடந்தார். பத்து அடிக்கு ஒருமுறை நின்று ஓர் எண்ணைச் சொல்வார். நான் பக்கத்தில் குடையும் கொப்பியுமாக நடந்து அதை எழுதவேண்டும். குடை கணினிக்கு, எனக்கல்ல, அவருக்குமல்ல. விறாந்தையில் நின்று நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். "காக்கா மழைக்கு வரம்பு கட்டுறார்" என்று, முஸ்லிம் மூத்தவர்களை அழைக்கும் அந்தச் சொல்லை இழுத்து ஒருவர் கத்தினார். அந்தக் குரலையும் நான் அவரை அடக்கம் செய்த அன்று பட்டானிச்சூர்ப் பள்ளிவாசலில் கேட்டேன். "தங்கமான மனுசன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்ததைவிட உங்கள் சிரிப்பில் நான் அதிகம் நனைந்தேன். அந்த ஆத்திரம் முழுவதையும் உங்கள்மேல் வைக்காமல் அவர்மேல் வைத்தேன். அதுதான் இலகு.

அவருடைய வடிவமைப்பு அறிக்கை ஒரு தடித்த கோவை. ஐந்து பெட்டிகள் வேண்டாம், மூன்று காணும் என்று இருந்தது. கூடினால் ஒன்றின் சத்தத்தில் மற்றது கேளாமல் போகும் என்று காரணம் எழுதியிருந்தார். களஞ்சியத்தின் தகரச் சுவருக்குள் சிக்னல் நுழையாது, ஆகவே அங்கே வேலை செய்பவருக்கு யன்னல் பக்கம் மேசை போடவேண்டும் என்று இருந்தது. விடுதிப் பெட்டி எந்தச் சுவரில், எத்தனை அடி உயரத்தில், எந்தத் திசை பார்த்து இருக்கவேண்டும் என்பதற்கு மட்டும் நான்கு பக்கம். வெளிச்சுவரில், கூரை விளிம்புக்குக் கீழே. கீழே தடித்த எழுத்தில், "இடம் மாற்றக்கூடாது. மூடக்கூடாது. அருகில் இரும்பு வைக்கக்கூடாது." இதை எல்லோருக்கும் முன்னால் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு விளங்கினதைச் சொல்லுங்கோ பாப்பம்." நான் ஏதோ சொன்னேன். "விளங்கேல்லை. பரவாயில்லை. தொடாமல் இருந்தாக் காணும்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் அந்த அறையில் இருந்தார்.

வலையமைப்பு வேலை செய்தது. இதைச் சொல்லும்போது நீங்கள் தலையாட்டுவீர்கள். அப்போது ஒருவரும் ஆட்டவில்லை. ஒழுங்காக வேலை செய்யும் ஒன்றை ஒருவரும் கவனிப்பதில்லை. பெட்டிகள் வந்து பூட்டிய பின் வந்த மாரி முழுவதும் ஒருநாள்கூட விடுதியின் இணைப்பு அறவில்லை. புனிதமக்கா மட்டும் ஒரு தடவை என்னிடம் சொன்னா: "தம்பி, முந்தி ஒரு சிக்கலான பிள்ளைத்தாய்ச்சி வந்தாப் பயத்தில உடனே அம்புலன்ஸைக் கூப்பிட்டிடுவன். இப்ப எழுதி அனுப்பிப் போட்டு, பதில் வருமட்டும் அந்தப் பிள்ளையின்ர தலையைத் தடவிக்கொண்டு இருக்கிறன்." பதிலுக்காகக் காத்திருக்கலாம் என்ற அந்த நம்பிக்கையை அவவுக்குக் கொடுத்தவர் றபீக் நானா. அதே நம்பிக்கைதான் பிறகு கொன்றது.

அதற்கடுத்த மாரி தொடங்கும்போது பக்கத்து வளவிலிருந்த இன்னொரு நிறுவனத்தில் ஒரு கணினி களவு போயிற்று. எங்கள் பொருட்களுக்கெல்லாம் நான் பொறுப்பு. வன்னியில் அந்த நாட்களில் ஒரு பொருளுக்குப் பொறுப்பு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மின்கலத்தைச் சாவடியால் கொண்டுவரவே கடிதத்துக்கு மேல் கடிதம். அந்த மூன்று பெட்டிகளும் வந்து சேர ஐந்து மாதம் எடுத்தது. தொலைந்தால் இன்னொன்று வராது. ஆகவே நாங்கள் எதையும் பூட்டி வைத்தோம். தாள் குத்தும் கருவியைப் பூட்டினோம். சுவர்க்கடிகாரத்தைப் பின்னேரம் கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் போனோம். விடுதியின் பெட்டி வெளிச்சுவரில், ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெயில் காலையில் நான் அதைக் கழற்றி, அதே சுவருக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில், இரும்பு அலுமாரிக்குள் வைத்தேன். பின்பக்கத் துளையால் வயரை விட்டேன். பச்சை விளக்கு மினுங்கியது. விளக்கு மினுங்கினால் வேலை செய்கிறது என்றுதான் எனக்குத் தெரியும். அலுமாரியைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

பொருள் பாதுகாப்புக்காக மட்டும் அதைச் செய்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் பூட்டும்போது, "தொடாமல் இருந்தாக் காணும்" என்று சொன்னவருடைய முகம் என் மனதில் இருந்தது. தொட்டுக் காட்டினேன் என்று ஒரு சந்தோசம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அலுமாரிக் கதவு வடிவாகச் சாத்தாது. அந்த இடைவெளியால் கொஞ்சம் சிக்னல் போய் வந்திருக்கவேண்டும். அதனால் ஒரேயடியாக நிற்கவில்லை. இழுத்து இழுத்து வேலை செய்தது. மூன்றாம் நாள் புனிதமக்கா வந்தா. "தம்பி, சுவரில இருந்த பெட்டி எங்க?" "பத்திரமா உள்ள இருக்கு, அக்கா." "அனுப்புறது போகப் பிந்துது. றபீக் தம்பிக்கு ஒருக்காச் சொல்லட்டோ?" அவர் அப்போது முல்லைத்தீவில் வேறொரு வேலையாக நின்றார். "வேண்டாமக்கா. அந்தாள் வந்தாச் சும்மா கத்தும். மழைக்காலம்தானே, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். அவர் ஒரு மாரிக்காகக் காத்திருந்து, நனைந்து, அளந்து பொய்யாக்கிய அந்த ஒரே வசனத்தை நான் கூசாமல் சொன்னேன். அவ நம்பிக்கொண்டு போய்விட்டா.

பதினோராம் நாள் விடியற்காலையிலிருந்து கடும் மழை. தர்மபுரத்திலிருந்து ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். முதல் பிள்ளை. புனிதமக்கா எட்டரைக்கு விபரத்தை எழுதி அனுப்பினா. திரையில் 'அனுப்பப்படுகிறது' என்று காட்டிக்கொண்டிருந்தது. போய்விட்டது என்று நினைத்து, அவ வழமைபோலப் பதிலுக்குக் காத்திருந்தா. பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு மணி. நிபுணர் யோசிக்கிறார் என்று தாயின் புருசனுக்கு ஆறுதல் சொன்னாவாம். மூன்று மணி தாண்டியதும் பொறுக்க முடியாமல், நாடாவைச் சுற்றி மழைக்குள் ஓடி எங்கள் கட்டடத்துக்கு வந்தா. அங்கிருந்து அனுப்பினோம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: 'உடனே வவுனியாவுக்கு.' அம்புலன்ஸ் புறப்பட்டது. சாவடியில் எவ்வளவு நேரம் நின்றது, என்னென்ன கெஞ்சினார்கள் என்பதெல்லாம் இப்போது எதற்கு? தாய் தப்பினாள். பிள்ளை தப்பவில்லை.

அம்புலன்ஸ் படலையைத் தாண்டிய கையோடு நான் சாமான் அறைக்குப் போனேன். செய்தி வர முன்பே, பிள்ளை உயிரோடு இருக்கும்போதே போனேன். அலுமாரியைத் திறந்து, பெட்டியை எடுத்து, ஏணி வைத்து, பழைய இடத்தில் பூட்டினேன். ஒரு திருகாணி விழுந்துவிட்டது. அந்த இடத்துக்கு ஓர் ஆணி அடித்தேன். மழை என் முதுகில் கொட்டியது. மணி நாலு. புனிதமக்கா தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "அக்கா, கதைச்சா ரெண்டு பேருக்கும் வேலை போகும்" என்றேன். அவவுக்கு வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவ வாயைத் திறக்கவில்லை. அவவை ஒருவரும் குறை சொல்ல வேண்டாம். வாயைப் பூட்டியவனும் நான்தான்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். வெயில் நாளில் வந்தார், மூன்று இடத்தில் அளந்தார், சாப்பிட்டார். பெட்டிகள் நல்ல நிலையில் உள்ளன, வடிவமைப்பு மழைக்குத் தாங்கவில்லை என்று எழுதினார். றபீக் நானா தன் கோவையைத் திறந்து, நனைந்து காய்ந்த என் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "இந்த எண்ணெல்லாம் மழையில எடுத்தது. இவர்தான் எழுதினவர், கேளுங்கோ" என்று என்னைக் காட்டினார். நான் "ஓம், எழுதினனான். ஆனா எனக்கு அதைப்பற்றி விளங்காது" என்றேன். பிறகு அவர் எல்லோரையும் பார்த்து, "பெட்டியை ஆர் தொட்டது?" என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாது. தெரிந்த நான், "ஒருத்தரும் தொடேல்லை" என்றேன். தேநீர் நேரத்தில் கணக்காளர், "உவையை நம்பி வேலை குடுத்தா இப்பிடித்தான்" என்றார். 'உவை' என்றது முஸ்லிம்களை என்று எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் தேநீரைக் குடித்து முடித்தோம்.

அவரை விலக்கிய கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். நிர்வாகம் என் வேலை. அதை வாங்கிக்கொண்டு அவர் படலைக்குப் போனபோது அந்தப் பிள்ளையின் தகப்பன் அங்கே நின்றான். இரணைமடுத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும், வாய் பேசாத மனிதன். சண்டை பிடிக்க வரவில்லை. "ஐயா, உங்கட மிசின் பிழைச்சுப் போச்செண்டு சொல்லுகினம். உண்மையோ?" என்று மட்டும் கேட்டான். றபீக் நானாவின் நாக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எவ்வளவோ பேரை உரித்த நாக்கு. "என்ர மிசின் பிழைக்கேல்லை" என்றால் அந்த மனிதனுக்கு அதில் என்ன கிடைக்கும்? அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் நான்கடி தள்ளி, திறப்புக் கோர்வையோடு நின்றேன்.

அதன் பிறகு வன்னியில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. பிள்ளையைக் கொன்ற வயர்லெஸ்காரன் என்று பெயர் ஓடியது. வவுனியாவுக்குப் போய், பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையின் முன்மூலையில் கைத்தொலைபேசி திருத்தினார். சண்டை மூண்டு பாதை பூட்டப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னதாக நானும் வவுனியாவில் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே புதுக் கட்டடத்துக்கு வைஃபை போடுவதைப் பற்றிக் கதைத்தார்கள். பட்டியலோடு ஒருவர் எழுந்தார். நான், "ஆருக்கு வேணும், எந்த இடத்தில, ஒரே நேரத்தில எத்தினை பேர், நிண்டுபோனா முதல்ல ஆருக்கு அடி விழும்?" என்று கேட்டேன். பட்டியலோடு எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். றபீக் நானாவின் கோவையின் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அவருடைய பெயர் இருந்த முதல் பக்கத்தைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முறையாக அளந்து, முறையாக வரைந்து, முறையாக எழுதி வைத்த ஒரு வேலை என்ன பெறும் என்று அந்த நிறுவனம் கண்டுகொண்டது. எனக்குப் பதவி உயர்வு தந்தார்கள். இன்றைக்கும் அந்தக் கதிரையில்தான் இருக்கிறேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டானிச்சூரில் அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டா. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"என்னெண்டு, நானா?"

"பெரிய கட்டடத்துக் கொம்பியூட்டரில நிமிசத்துக்கு நிமிசம் சிக்னலைப் பதிய விட்டிருந்தனான். வெயில் எறிச்ச ஒரு காலமை, ஒரே நிமிசத்தில விழுந்திருக்கு. பதினோராம் நாள், மழை கொட்டக் கொட்ட, பின்னேரம் நாலு மணிக்கு ஒரே நிமிசத்தில எழும்பியிருக்கு. மழை அப்பிடிச் செய்யாது, தம்பி. திறப்பு வைச்சிருக்கிற ஆள்தான் அப்பிடிச் செய்யும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொல்லாமலோ? படம் கீறிப் பணிப்பாளரிட்டக் குடுத்தனான். பாத்திட்டு, 'இதெல்லாம் எங்களுக்கு விளங்காது, றபீக்' எண்டு திருப்பித் தந்தவர்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நானா" என்றேன். சொல்லும்போது என் கண் கலங்கியது. அதை அவர் காணவேண்டும் என்றும் விரும்பினேன். அவர் கண்டார்.

"ஏலாது" என்றார். "உங்களுக்கு மனம் லேசாக வேணும் எண்டதுக்காக நான் மன்னிக்கேலாது. தர்மபுரத்துக்குப் போங்கோ. அந்தப் பிள்ளையின்ர தேப்பனிட்டச் சொல்லுங்கோ, மிசின் பிழைக்கேல்லை எண்டு. சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

பாதை பூட்டியிருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பாதை திறந்ததும் போவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் வாசல் வரை வரவில்லை. இப்போது தர்மபுரத்தில் யார் இருக்கிறார்கள், யார் எங்கே ஓடியிருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் எவருமில்லை. சண்டை நெருங்க நெருங்கச் சனம் எல்லாம் கிழக்குப் பக்கமாக, உடையார்கட்டுப் பக்கமாகப் போகிறது என்கிறார்கள். அந்தத் தகப்பன் உயிரோடு இருந்தால், இன்றைக்கும் தன் பிள்ளையைக் கொன்றது றபீக் என்றொரு மனிதனுடைய மிசின் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பான்.

அவரை அன்று பின்னேரமே அடக்கம் செய்தார்கள். நாங்கள் ஏழு பேர், பழைய அலுவலகத்து ஆட்கள், தலையில் லேஞ்சித் துணியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் முற்றத்தில் ஒதுங்கி நின்றோம். தொழுகைக்கு முன் அவருடைய தமையன் உடலை வைத்திருந்த சந்தூக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர்களுடைய வழக்கம் அது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். தமையன் கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் பக்கமும் திரும்பி, "என்ர தம்பி தெரிஞ்சோ தெரியாமலோ உங்களில ஆருக்கும் ஏதும் குறை செய்திருந்தா, மனம் நோகப் பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக அவரை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். முதலில் பணிப்பாளர், "மன்னிச்சிட்டம்" என்றார். கணக்காளர் சொன்னார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சொன்னீர்கள்.

தமையன் என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படியாக, தெளிவாகச் சொன்னேன்.

ஒருவர் போனபின் அவரிடமிருந்து நமக்கென்று எது மிஞ்சியது என்று சொல்லி முடிப்பது முறை. அவருடைய கோவையை நான் திருடித்தான் வைத்திருக்கிறேன். அதை அவர் விட்டுச் சென்றதாகச் சொல்ல முடியாது. அவர் தன் கையால் எனக்குத் தந்தது "ஏலாது" என்ற ஒரு சொல். றபீக் நானாவை நாங்கள் ஏழு பேரும் மன்னித்துவிட்டோம். அவர் என்னை மன்னிக்காமல் போய்விட்டார்.